ஊட்டியைப் பார்க்கலாம், ஊட்டியில் தங்க வேண்டாம்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் வீடு சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில். சனி, ஞாயிறு வந்தால் சர்ஃபிங் பலகையும் வெளியூர்க் காருமாகத் தெருவே அடைத்துக்கொள்கிறது. அதே கூட்டத்தைப் பார்க்க 500 கிலோமீட்டர் தாண்டி ஊட்டிக்குப் போவானேன் என்று நினைக்கிறீர்கள். ஊட்டிக்குப் பக்கத்திலேயே அமைதியான, கொஞ்சம் வசதியான ஊராகப் பார்த்து, மே மாதத்திலோ காலாண்டு விடுமுறையிலோ மூன்று இரவு தங்க வேண்டும். கூட 68 வயது அம்மா, அவருக்கு முழங்கால் வலி. எட்டு வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். குன்னூர் பணக்காரர்களுக்கான ஊர் என்கிறார் ஒரு நண்பர், கோத்தகிரியில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார் இன்னொருவர். இதில் எது சரி, ஊட்டியை அப்படியே விட்டுவிடலாமா என்பது கேள்வி.

இரண்டு நண்பர்களும் பாதி சரி. மீதியைச் சொல்லும் முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் யோசனை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு ரூமோ வண்டியோ விற்க இருக்கும். கோத்தகிரியில் 22 வருஷம் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டினேன். இப்போது ஓட்டுவதில்லை, வண்டியும் இல்லை, காட்டேஜும் இல்லை. பிறந்த ஊர்ப் பாசம் மட்டும் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஊட்டி ஏன் நெரிகிறது, மற்ற இரண்டும் ஏன் நெரிவதில்லை என்பதற்கு இடத்தின் அமைப்புதான் பெரிய காரணம். ஊட்டி ஒரு கிண்ணம் மாதிரி. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். ஏரி, பழைய குதிரைப் பந்தய மைதானம், ரயில் நிலையம், பஸ் நிலையம், மார்க்கெட் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள். தாவரவியல் பூங்காவும் ரோஜாப் பூங்காவும் அங்கிருந்து கூப்பிடு தூரம். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வண்டி கடைசியில் சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம்தான் வந்து நிற்கும். குன்னூர் அப்படியில்லை, மலை விளிம்பில் ஒரு பள்ளத்தாக்கின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர். கோத்தகிரி கிழக்குப் பக்கத்து முகடுகளில் சிதறிக் கிடக்கிறது. இரண்டும் ஏறத்தாழ 1,800 மீட்டர். பெரிய ஏரி இல்லை, படகு இல்லை, ஆயிரம் கார் நிறுத்தும் சமதளம் இல்லை. கூட்டத்தைப் பிடித்து வைக்க இடமே இல்லாததால்தான் கூட்டம் தங்குவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரர்கள் முதலில் குடியேறியது ஊட்டியில் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரி பக்கம்தான் மேலே ஏறி வந்தார். அவர் கட்டிய பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் நினைவகமாக இருக்கிறது. பிறகுதான் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டினார், ஏரியையும் வெட்டினார். சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஊட்டி ஆனதும் அரசாங்கக் கச்சேரி, ரேஸ், கடைத்தெரு எல்லாம் அங்கே போய்விட்டன. முதலில் வந்தும் பின்தங்கிய ஊர் எங்களுடையது. அந்தப் பின்தங்கலைத்தான் இப்போது 'அமைதி' என்று இரவுக்கு இத்தனை ஆயிரம் என்று விற்கிறார்கள்.

'பணக்கார ஊர்' என்ற பேச்சுக்கு வருவோம். குன்னூரில் தோட்டத் துரைமார்களின் பழைய பங்களாக்கள் உண்டு. பக்கத்தில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் இருக்கின்றன. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள் நிறையப் பேர் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பங்களாக்களில் சில இப்போது தங்கும் விடுதிகள். அங்கே ஒரு இரவு வாடகை, சாதாரண லாட்ஜில் நான்கு இரவுக்குச் சமமாக இருக்கலாம். ஆனால் ஊர் என்பது அந்தக் கேட்டுக்கு வெளியே இருப்பது. லோயர் குன்னூரில் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரயில் நிலையம் மூன்றும் ஒரே பள்ளத்தில். ஹாரன் சத்தம், காய்கறி மூட்டை, தேயிலைத் தூள் வாசனை. ஊட்டிக்குப் போகும் வண்டியெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் ஊர்ந்து ஏறும். அங்கே ரூம் போட்டுவிட்டு 'குன்னூர் அமைதியாம், பொய்' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமைதி வேண்டுமென்றால் மேலே பெட்போர்டு தாண்டி சிம்ஸ் பூங்கா, வண்டிச்சோலை பக்கம் பார்க்க வேண்டும். லோயர் குன்னூரும் அப்பர் குன்னூரும் பெயரில்தான் ஒரே ஊர்.

கோத்தகிரியில் பார்க்க ஒன்றுமில்லை என்றது ஏறக்குறைய உண்மை. கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் நீர்வீழ்ச்சி, லாங்வுட் சோலை, சல்லிவன் நினைவகம், நேரு பூங்கா, அவ்வளவுதான். அவசரமாகப் போனால் ஒரே நாளில் முடிந்துவிடும், அவசரமில்லாமல் போனால் மூன்று நாளும் போதாது. கேத்தரின் நீர்வீழ்ச்சியை அரவேணு பக்கம் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. கீழே இறங்கும் பாதை வழுக்கும், அம்மாவுக்கு ஆகாது, பிள்ளைகளுக்கும் வேண்டாம். அதே நீர்வீழ்ச்சியைக் குன்னூர்ப் பக்கத்து டால்பின் மூக்கு என்ற காட்சிமுனையிலிருந்து முழுசாகப் பார்க்கலாம். நேரு பூங்காவுக்குக் காய்கறிக் கண்காட்சி சமயம் தவிரத் தனியாகப் போகத் தேவையில்லை.

கோடநாடு மட்டும் வேறு கணக்கு. ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர், வழி முழுக்கத் தேயிலை. காரில் ஏறியதும் 'அந்த ஜெயலலிதா பங்களா தெரியுமா?' என்று கேட்காத ஆளை நான் ஏற்றியதே இல்லை. தெரியாது, தேயிலையும் மரமும்தான் தெரியும். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் அந்த ரோட்டில் காட்டெருமை பார்க்க வாய்ப்பு அதிகம். தேயிலைச் செடி அதன் வயிறு வரை மறைக்கும், மேலே கறுத்த முதுகும் கொம்பும் மட்டும் மிதப்பது போல நகரும். ரோட்டுக்கு இறங்கினால்தான் முழங்காலுக்குக் கீழே நான்கு காலிலும் வெள்ளை சாக்ஸ் மாட்டியது போலத் தெரியும். ஹாரன் அடிக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, எஞ்சினை உறுமவிடக் கூடாது. அது தன் வேகத்தில் கடக்கும், நாம் காத்திருக்க வேண்டும். ஒரு முறை பத்து நிமிஷம் அப்படி நின்றபோது பின் சீட்டில் இருந்த பெரியம்மா ஒருவர், 'எங்க ஊர்ல கோயில் யானைக்கு நிக்கிற மாதிரி இருக்கு' என்றார்.

காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு விழுந்து கிடக்கும். ரங்கசாமித் தூண் என்ற ஒற்றைப் பாறை துருத்திக்கொண்டு நிற்கும். வெகு கீழே ஆற்றங்கரையில் பச்சைத் துண்டு போலத் தெரிவது தெங்குமரஹாடா. அது எங்கள் தாலுகாவைச் சேர்ந்த கிராமம்தான், ஆனால் போக வேண்டுமென்றால் சமவெளிக்கு இறங்கி, பவானிசாகர் பக்கம் சுற்றி, காட்டைக் கடந்து, ஆற்றையும் தாண்ட வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் பவானிசாகர் அணைத் தண்ணீர் மின்னும். பத்து மணிக்கு மேல் மஞ்சு ஏறிவிட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். காத்திருந்தால் விலகுமா என்று கேட்பீர்கள். விலகலாம், விலகாமலும் போகலாம். இருபத்திரண்டு வருஷத்தில் என் ஊகம் பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். நீங்களும் மனைவியும் மட்டும் வருவதாக இருந்தால் யோசிக்காமல் கோத்தகிரி என்பேன். இந்தக் குடும்பத்துக்கு அப்பர் குன்னூர்தான் சரி. எங்கள் ஊர்க்காரர்கள் படித்தால் திட்டுவார்கள், பரவாயில்லை. முதல் காரணம் குன்னூர் வழியாகப் போகும் மலை ரயில். எட்டு வயதுப் பிள்ளைக்கு காட்சிமுனை ஐந்து நிமிஷம், ரயில் ஐந்து மணி நேரம். இரண்டாவது, மூன்று இரவில் ரூம் மாற்றினால் அம்மாவுக்குத்தான் பாடு, அதனால் நடுவில் ஒரே இடமாக இருக்க வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி 20 கிலோமீட்டருக்குள், கோத்தகிரி 20-க்குக் கொஞ்சம் மேலே. கோத்தகிரியில் தங்கினால் ஊட்டி 30 கிலோமீட்டர். மூன்றாவது, இருட்டிய பிறகு கோத்தகிரி சீக்கிரம் அடங்கிவிடும். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மாத்திரையோ பால் பாக்கெட்டோ தேவைப்பட்டால் குன்னூரில் கொஞ்சம் அலைந்தாவது வாங்கலாம். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் தவிர மூச்சு, இதயம் சம்பந்தமாக ஏதும் உண்டென்றால் இந்த உயரமும் குளிரும் ஒத்துக்கொள்ளுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். டிரைவரிடம் கேட்கும் கேள்வி அல்ல அது.

ஊட்டியை விட்டுவிட வேண்டாம் என்பதும் என் கருத்து. அங்கே தங்காதீர்கள், அவ்வளவுதான். குன்னூரிலிருந்து காலை முதல் ரயிலிலோ, ஆறு மணிக்குக் கிளம்பும் காரிலோ போங்கள். தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது, சரிவான புல்வெளியும் பழைய மரங்களும் காலையில் பனி சொட்டிக்கொண்டிருக்கும். கூட்டம் வருவதற்குள் உங்களுக்கு முடிந்துவிடும். பதினொரு மணிக்கு எல்லோரும் உள்ளே நுழையும்போது நீங்கள் வெளியே வந்துகொண்டிருப்பீர்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, ஊட்டி - கோத்தகிரி சாலையிலிருந்தே பிரிகிறது. கோத்தகிரி போகும் நாளில் அதைச் சேர்த்துக்கொண்டால் ஊட்டிக்குள் மறுபடி நுழையவே வேண்டாம். படகு இல்லத்தைப் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் வார நாளில் போங்கள். ஞாயிறு மாலை படகு இல்லப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னால் எந்த டிரைவரின் முகமும் மாறும், கவனித்துப் பாருங்கள்.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், அதில் அர்த்தமிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் பாதை வந்தது, மொத்தம் 46 கிலோமீட்டர். யுனெஸ்கோ பட்டியலில் 2005-இல் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதில் கவ்விக் கவ்வி ஏறும். 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம், சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். பிள்ளைகளை அந்தச் சமயத்தில் பிளாட்பாரத்தில் இறக்கிக் காட்டுங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஏழு மணி வாக்கில் மலை ரயிலைப் பிடிக்கலாம். டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றே போட்டால் கிடைக்கலாம், விடுமுறைக்கு அதுவும் உறுதியில்லை. கிடைக்கவில்லையென்றால் மனம் உடைய வேண்டாம். குன்னூர் - ஊட்டி இடையே பகலில் தனி ரயில்கள் ஓடுகின்றன, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பல்சக்கரமும் நீராவியும் இருக்காது, ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு இருக்கும். கீழிருந்து வரும் ரயிலில் இடம் கிடைத்தால் ஹில்குரோவ் நிலையத்தில் மட்டும் ஜாக்கிரதை. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும், எல்லோரும் வடை, டீ வாங்க இறங்குவார்கள், குரங்குகள் அதற்காகவே வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாழைப்பழத்தைப் பையில் வைத்தாலும் அவற்றுக்குத் தெரியும்.

எப்போது வருவது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். மே மாதம் என்றால் மலர்க் கண்காட்சி ஊட்டியில், பழக் கண்காட்சி சிம்ஸ் பூங்காவில், காய்கறிக் கண்காட்சி கோத்தகிரியில். அப்போது அமைதியான ஊர் என்று எதுவும் கிடையாது. சீசனில் மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுவது வழக்கம். ஒரு மே மாத ஞாயிறு, 'கோத்தகிரிக்கு வாங்க, ஈ காக்கா இருக்காது' என்று வாக்குக் கொடுத்து ஒரு மதுரைக் குடும்பத்தைக் கூட்டிவந்தேன். சாயங்காலம் ஊட்டியிலிருந்து இறங்கும் மொத்தக் கூட்டமும் எங்கள் கடைவீதி வழியாகத்தான் போனது. ராம்சந்த் பக்கம் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றோம். அந்த மதுரைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பையன்தான், 'அங்கிள், இது எல்லாம் ஈயா காக்காவா?' என்று கேட்டான்.

ஆகவே மே வேண்டாம். நீங்கள் சொன்ன இன்னொரு தேதி, காலாண்டு விடுமுறை, எவ்வளவோ தேவலை. அதிலும் ஆயுத பூஜை ஒட்டிய நான்கு நாளைத் தவிர்த்துவிட்டு, திங்கள் முதல் வியாழன் வரை என்று போடுங்கள். செப்டம்பர், அக்டோபரை இங்கே இரண்டாவது சீசன் என்பார்கள். கூட்டம் உண்டு, மே மாதக் கூட்டம் அல்ல. மழைக் கணக்கை மட்டும் சரியாகப் போட வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அந்த மழை இங்கே பலம் குறைந்துதான் வரும். எங்களுக்குப் பயம் வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மண் ஊறி ரோடும் தண்டவாளமும் சரியும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நிலச்சரிவில் எத்தனையோ வீடுகள் போயின, ஆட்களும் போனார்கள், அந்த வாரம் ஓட்டிய வண்டியை நான் மறக்க முடியாது. அதனால் அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள். அந்த மாதங்களில் மலை ரயில் திடீரென ரத்தாவதும் சகஜம்.

குளிரைப் பொறுத்தவரை, ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டி எங்களைவிட 400 மீட்டர் மேலே, ஆகவே இரண்டு மூன்று டிகிரி கூடுதல் குளிர். அம்மாவின் முழங்காலுக்கு இந்த வித்தியாசமே குன்னூருக்கு ஆதரவாக ஒரு ஓட்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் உறைபனி படியும், குன்னூரில் அது அபூர்வம்.

ரூம் போடும்போது படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வசதியான பங்களா என்று போட்டிருக்கும், மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் எஸ்டேட் ரோடு என்பதைச் சொல்லமாட்டார்கள். பெயர் வேண்டாம், அப்படி ஒரு இடத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கு மழையில் ஒரு குடும்பத்தை ஏற்றிப் போய், என் காரின் அடிப்பாகம் கல்லில் இடித்து ஆயில் சேம்பர் உடைந்தது. எஸ்டேட் டிராக்டர் வந்து இழுத்தது. உள்ளே போனால் கட்டிலும் கணப்பும் பிரமாதம்தான், விருந்தாளிகள் மறுநாள் மதியம் வரை வெளியே வரவில்லை. பழுது பார்த்த செலவை யார் கொடுப்பது என்று விடுதிக்காரர் பேசவே இல்லை. போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: வாசல் வரை சின்ன கார் வருமா, ரூமுக்கு எத்தனை படி, கழிவறை இந்தியன் முறையா வெஸ்டர்னா. படி முக்கியம். இந்த மலையில் வீடுகளை ரோட்டுக்கு மேலேயோ கீழேயோதான் கட்ட முடியும், நாற்பது படி என்பதைச் 'சின்ன ஏற்றம்' என்பார்கள். உரிமம் பெற்ற இடமா என்பதையும் கேட்டுவிடுங்கள், அனுமதியில்லாத காட்டேஜுகளுக்கு அதிகாரிகள் சீல் வைப்பது உண்டு.

படி பற்றிப் பேசும்போதே, சிம்ஸ் பூங்கா அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் அது ஒரு பள்ளத்துக்குள் இறங்கும் தோட்டம். கேட் பக்கமே பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் இறங்குங்கள். டால்பின் மூக்கில் நடை குறைவு. லாம்ஸ் ராக் காட்சிமுனைக்குப் போவது ஏற்றம், அவருக்கு வேண்டாம். லாங்வுட் சோலைக்குள் போக வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நூறு ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் பழைய சோலை அது. சுற்றியுள்ள ஊர்களின் தண்ணீருக்கு அதுதான் ஆதாரம். மூத்த பிள்ளைக்கு அட்டைப்பூச்சியும் பாசியும் பிடிக்குமென்றால் அழைத்துப் போங்கள். கோத்தகிரிப் பக்கம் இருட்டிய பிறகு நடக்கக் கூடாது, கரடி வரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எங்கள் தெருவிலேயே பேக்கரிக் குப்பைக்கு வந்திருக்கிறது.

சொந்தக் காரில் வருவதென்றால் இரண்டு விஷயம். நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். ஊட்டிக்கு மட்டும்தானே, கோத்தகிரிக்கு எதற்கு என்று குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வாதாடியவர்கள் உண்டு. மாவட்டம் முழுக்கத்தான். விதி அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பாருங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இது இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். இரண்டாவது விஷயம் கியர். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். சமவெளி டிரைவர்கள் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் கருகிய வாசனை வரும், அதற்கப்புறம் பிரேக் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும். இதெல்லாம் வேண்டாமென்றால் ரயிலில் வந்துவிட்டு இங்கே உள்ளூர் வண்டி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் குடும்பத்துக்கு அதைத்தான் சொல்வேன்.

உள்ளூர் வண்டி வைத்தால் ஒரு ரகசியமும் தெரிந்திருக்கட்டும். டிரைவர் தானாகக் கொண்டுபோய் நிறுத்தும் சாக்லேட் கடை, தைலக் கடை, 'டீ பேக்டரி' பலவற்றில் அவருக்குக் கமிஷன் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. 'கடை வேண்டாம், அந்த நேரத்துக்கு நூறு இருநூறு சேர்த்துத் தருகிறேன்' என்று காலையிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. வாங்க வேண்டியது வர்க்கி. 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அதே வர்க்கிதான், எது உசத்தி என்று கேட்டால் சண்டை வரும். புளிக்கவைத்த 'மாவா' சேர்த்துப் பிசைந்து விறகு அடுப்பில் சுடுவது. சாயங்காலம் தட்டு வெளியே வரும் நேரத்துக்குப் போங்கள். கையில் சூடாக எடுத்தால் அடுக்கடுக்காக உதிரும், டீயில் முக்கினால் ஒரு நொடிதான், அதற்கு மேல் விட்டால் டம்ளருக்கு அடியில் போய்விடும். உங்கள் கடற்கரைக் காற்றில் இரண்டே நாளில் நமுத்துவிடும், இறுக்கமான டப்பா கொண்டு வாருங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள் குளிக்க, நீந்த ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஓடைகள் அழகாக இருக்கும், பாறை வழுக்கும், மேலே மழை பெய்தால் நிமிஷத்தில் தண்ணீர் ஏறும். கடலில் நீந்தத் தெரிந்த பிள்ளை என்ற தைரியத்தில் இறக்கிவிடாதீர்கள். ஸ்வெட்டரை அங்கிருந்தே மூட்டை கட்டி வர வேண்டாம். ஊட்டி பூங்காவுக்குப் பக்கத்தில் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன, பேரம் பேசினால் நியாய விலைக்குக் கிடைக்கும். அம்மாவுக்குக் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடியும் முழங்காலுக்குச் சூடு வைக்கும் பையும் மட்டும் வீட்டிலிருந்தே எடுத்து வையுங்கள். முதல் ராத்திரியே தேவைப்படும்.